மகாராணிக்கு விழுந்த கோடு

துலிப் பண்ணையில் பூவுக்கு மரியாதை கிடையாது. பேருந்தில் வந்து இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களிடம் இதைச் சொன்னால் மனம் உடைந்துவிடும். அதனால் யாரும் சொல்வதில்லை. பண்ணைக்காரர்கள் விற்பது கிழங்கைத்தான். பூவை அப்படியே விட்டால் செடி விதை கட்டப் போய்விடும், கிழங்கு சூம்பிவிடும். ஆகவே மலர்ந்த சில நாளில் தலையைக் கிள்ளித் தரையில் போட்டுவிடுவார்கள். பூவுக்கு அங்கே ஒரே வேலைதான். நிறத்தைக் காட்ட வேண்டும், நான் இன்னார் என்று அடையாளம் சொல்ல வேண்டும், பிறகு தலையைக் கொடுக்க வேண்டும்.

அந்த அடையாளத்தைச் சரிபார்க்கிற வேலை, அண்ணனும் தம்பியும் கூட்டாக நடத்திய ஒரு பண்ணையில், அண்ணன் மனைவியினுடையது. வீட்டிலும் வயலிலும் அவளுக்கு ஒரே பெயர், மூத்தவள். பூக்கிற பருவத்தில் காலையிலேயே இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, நீளக் கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு, வரிசை வரிசையாக நடப்பாள். வெள்ளை வரிசையில் சிவப்பு ஒன்று தப்பி நின்றால் பிடுங்குவாள். சிவப்பு வரிசையில் ஏதாவது ஒரு பூவின் இதழில் கோடு விழுந்திருந்தால், அதைக் கிழங்கோடு தோண்டிப் பையில் போட்டுக் கட்டி, கொண்டுபோய் எரிப்பாள். கோடு என்றால் நோய். அசுவினிப் பூச்சி ஒரு செடியில் உறிஞ்சிய வாயோடு அடுத்த செடிக்குப் போய்ப் பரப்புகிற நோய். அவள் ஒரு செடியைப் பார்த்து "இது" என்றால் அப்பீல் கிடையாது. நல்ல செடியை ஒருநாளும் அவள் பிடுங்கியதில்லை. கெட்ட செடியை ஒருநாளும் விட்டதில்லை. அந்த வட்டாரத்தில் சாமி சத்தியத்துக்கு அடுத்தபடி அவள் கண்தான் என்று கூலிக்கு வரும் பெண்கள் பேசிக்கொள்வார்கள்.

தம்பி மனைவி, அதாவது அவளுடைய ஓரகத்தி, வந்த புதிதில் ரப்பர் பூட்ஸ் போட மாட்டேன் என்றாள். வெளிர் நிறச் செருப்போடு வயலில் இறங்கி, ஒவ்வொரு ஈர மண்கட்டியையும் தாண்டித் தாண்டி வந்தாள்.

"மகாராணி வர்றாங்க, வழி விடுங்க" என்றாள் மூத்தவள்.

எல்லோரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தது இளையவள்தான். அன்று முதல் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நாளில் அவளே போனை எடுத்து "மகாராணி பேசறேன்" என்று ஆரம்பித்தாள். கிண்டலைப் பட்டமாக மாட்டிக்கொள்ளத் தெரிந்தவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மூத்தவள் இருக்கவில்லை.

இளையவள் சோம்பேறி இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கைக்குப் பதில் வாயால் உழைத்தாள், அவ்வளவுதான். பாதையோரம் நின்று போகிற வருகிற வியாபாரியை உள்ளே இழுத்து, நாற்காலி போட்டு, டீ கொடுத்து, வேண்டாம் என்று வந்தவனை வண்டி நிறையக் கிழங்கோடு அனுப்பிவைப்பாள். அந்த வாய்க்குத் தீனி போட்டவளே மூத்தவள்தான்.

ஒருநாள் கிழங்கு தரம் பிரிக்கிற கொட்டகையில் இளையவள் கேட்டாள்: "ஏன்க்கா, எல்லாம் ஒரே மண்ணு, ஒரே தண்ணி. அது ஏன் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நிறம்?"

மூத்தவள் அப்போது நல்ல மனநிலையில் இருந்தாள். வெளியே போய் ஒரு சிவப்பு இதழைக் கிள்ளி வந்து, அடிப்பக்கத்தை நகத்தால் சுரண்டிக் காட்டினாள். "பாரு, அடியில மஞ்சள். துலிப்புக்கு ரெண்டு நிறம். அடியில மஞ்சளோ வெள்ளையோ ஒண்ணு நிரந்தரமா இருக்கும். அதுக்கு மேல, இதழுக்குள்ள இருக்கிற சாறுல, சிவப்போ ஊதாவோ கரைஞ்சு நிக்கும். மஞ்சள் மேல சிவப்பு நின்னா நெருப்பு மாதிரி. வெள்ளை மேல நின்னா கொஞ்சம் ரோஜா நிறம் அடிக்கும். மேல ஒண்ணுமே இல்லைன்னா வெறும் மஞ்சள், வெறும் வெள்ளை."

"அப்ப கருப்பு?"

"கருப்பாவது! ஊதாவை அடர்த்தியா அப்பியிருக்கும். வெயில்ல பிடிச்சுப் பாத்தா சாயம் வெளுத்துடும்."

"கோடு விழறது?"

"நோய் வந்தா மேல் நிறம் அங்கங்க விட்டுப்போகும். அடியில இருக்கறது வெளிய தெரியும். வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் விட்டுப்போக மேல ஒண்ணும் இல்லியா, அதுங்களுக்கு நோய் வந்தாலும் பூவைப் பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. கமுக்கமா நிக்கும்."

அடுத்த வாரம் வந்த வியாபாரியிடம் இளையவள் இதையே, சுரண்டுகிற நகம் உட்பட, சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசிப் பகுதியை மட்டும் விட்டுவிட்டாள். நோய் பற்றிப் பேசினால் வியாபாரம் ஆகாதே. மூத்தவள் கொட்டகைக்குள்ளிருந்து கேட்டுச் சிரித்துக்கொண்டாள். அப்போது சிரிப்பு வந்தது.

மூத்தவளுக்கென்று சொந்தமாக ஒன்றே ஒன்று இருந்தது. கருவிக் கொட்டகைக்குப் பின்னால் சில மரப்பெட்டிகள். அவற்றில் விதைபோட்டு வளர்த்த நாற்றுகள். கிழங்கு வைத்தால் தாயை அச்செடுத்த மாதிரி அதே நிறம் வரும், அதில் ஆச்சரியம் இல்லை. விதை அப்படியா? ஒரே நெற்றில் பிறந்த விதைகள் ஆளுக்கொரு முகத்தோடு வரும். அதுவும் உடனே வராது. முதல் வருஷம் புல் மாதிரி ஒரே ஒரு இலை. மறுவருஷமும் இலை. ஐந்தாறு வருஷம் இலையையே காட்டிவிட்டு, போனால் போகிறது என்று ஒருநாள் மொட்டு விடும். இந்த வேலைக்குப் பொறுமை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு எதன்மேலோ கோபம் இருக்க வேண்டும். மூத்தவளிடம் அப்போது இருந்தது பொறுமைதான்.

பாதையோரத்துப் பழைய மஞ்சளைத் தாயாக வைத்தாள். கருப்பு என்று பெயர் வாங்கிய அடர் ஊதாவிலிருந்து சின்னத் தூரிகையால் மகரந்தம் எடுத்துத் தடவினாள். மஞ்சள் மேல் ஊதா நின்றால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்: பழுப்பு. வருஷங்கள் கழித்து மலர்ந்தவையும் காய்ந்த சேறு மாதிரிதான் இருந்தன. ஒன்றைத் தவிர. அணையப்போகிற அடுப்புக்கரி உள்ளேயிருந்து சிவக்குமே, அந்தச் சிவப்பு. விளிம்பில் மட்டும் மெல்லிய மஞ்சள்.

அவள் கணவருக்கு எதற்கெடுத்தாலும் "சரி, சரி" என்று சொல்கிற பழக்கம். வயலில் எல்லோரும் அவரைச் சரிசரி என்றுதான் சொல்வார்கள். அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காட்டினாள்.

"என் பொண்ணு" என்றாள்.

"சரி, சரி" என்றார் அவர். ஆனால் வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

கிழங்கு குட்டி போட்டு, குட்டி வளர்ந்து, அது குட்டி போட்டு, ஒரு பூச்சாடியை நிரப்புகிற அளவுக்குப் பெருக இன்னும் சில வருஷம் ஆனது. அந்த வசந்தத்தில்தான் நகரத்தில் மலர்க் கண்காட்சி. மூத்தவளுக்கு வயலில் வரிசை பார்க்கிற நேரம், நகர முடியாது. கொழுந்தன் வந்து, "அண்ணி, உங்க புதுசை நாங்க எடுத்துட்டுப் போய் வைக்கிறோம்" என்றார். மூத்தவள் தன் கையால் பறித்து, ஈரத்துணி சுற்றிக் கொடுத்தாள்.

கண்காட்சியின் கடைசி நாள் மாலை, வயல் சேறு காயாத பூட்ஸோடு அவள் போய்ச் சேர்ந்தாள். நுழைவாயிலுக்கு எதிரேயே பூச்சாடி இருந்தது. அதன்மேல் முதல் பரிசு நாடா. பக்கத்தில் ஆள் உயரப் படம்: பூவோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டு இளையவள். கீழே அட்டையில் பூவின் பெயர், மகாராணி. அதற்குக் கீழே 'உருவாக்கியவர்' என்று போட்டு, தம்பி மனைவியின் பெயர், இனிஷியலோடு.

"என்ன இது?" என்றாள் மூத்தவள்.

"வாங்கக்கா! பரிசு, பாத்தீங்களா?" இளையவள் ஓடிவந்து கையைப் பிடித்தாள். பிறகு குரலை இறக்கி, "யாரு உருவாக்கினதுன்னு கேட்டாங்கக்கா. திடீர்னு கேட்டா என்ன சொல்றது? பக்கத்துல நான்தான் நின்னேன்" என்றாள்.

பக்கத்தில் நின்றதற்காகவே பெயர் வாங்கியவர்கள் உலகத்தில் ஏராளம். சிலருக்குச் சிலைகூட உண்டு. ஆனால் இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர்கள் குறைவு.

வண்டியில் திரும்பும்போது மூத்தவள் கணவரிடம், "நாளைக்குப் போய் மாத்தச் சொல்லுங்க" என்றாள்.

"எப்படிச் சொல்றது? பரிசு குடுத்தாச்சு, பதிவு பண்ணியாச்சு. யார் பேருல இருந்தா என்ன, நம்ம வீட்டுப் பூதானே? தம்பி சங்கடப்படுவான்."

"நான்?"

"சரி, சரி" என்றார்.

அந்தச் சரி, சரி என்ற இரண்டு சொல்லுக்கு நடுவில்தான் அவளுடைய பொறுமை செத்துப்போனது.

முதலில் சில்லறைப் பழிகளில் இறங்கினாள். இளையவளின் வெளிர் நிறச் செருப்பை மழையில் நனைய வைத்தாள். வெள்ளைச் சட்டையை ஊதாப் போர்வையோடு ஊறப்போட்டு, "அச்சச்சோ, அடியில இருந்தது தெரியலியே" என்றாள். வியாபாரி வரும் நேரமாகப் பார்த்து நாற்காலிகளைக் கழுவிக் கவிழ்த்தாள். செய்யும்போது இனித்தது, மறுநாள் காலை வயலுக்குப் போகும் வழியில் அந்த ஆள் உயரப் படத்தைப் பார்த்ததும் இனிப்பெல்லாம் இறங்கிவிட்டது. படத்தைக் கண்காட்சியிலிருந்து கொண்டுவந்து பண்ணை வாசலில் நட்டுவிட்டார்கள்.

கிழங்கு அடைத்து விற்கிற அட்டைப்பெட்டியிலும் அதே கன்னம். நாலா பக்கமும் மகாராணி மகாராணி என்று கேட்டு வாங்கினார்கள். கொழுந்தன் கிழங்கை அவசர அவசரமாகப் பெருக்கச் சொன்னார். எங்கே நடுவது என்ற பேச்சு வந்தது.

"பாதையோரம்தான்" என்றாள் இளையவள். "போறவங்க வர்றவங்க கண்ணுல படணும்ல?"

பாதையோரத்தில் பழைய மஞ்சள் வரிசைகள் இருந்தன. எத்தனையோ வருஷமாக அங்கேயே கிடந்த மஞ்சள். உள்ளே என்ன வைத்துக்கொண்டிருக்கிறது என்று பூவைப் பார்த்துச் சொல்ல முடியாத மஞ்சள். அதை ஒட்டினாற்போல் புதுச் சிவப்பை யாரும் நட மாட்டார்கள். எல்லோரும் வழக்கப்படி மூத்தவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"மகாராணி சொன்னா சரி" என்றாள் அவள்.

அதற்கு மறு வசந்தத்தில் ஒரு காலை. பாதையோரத்து வரிசையில் நடுவாக்கில் அவள் கால் நின்றது. கரிநெருப்புச் சிவப்பில் ஒரு பூ. அதன் இதழில், அடியிலிருந்து விளிம்புவரை, மஞ்சள் தீ நாக்குகள் ஏறியிருந்தன. யாரோ ஈர்க்குச்சியால் கீறிவிட்ட மாதிரி. அவள் வாழ்க்கையில் பார்த்த துலிப்புகளிலேயே அழகானது அதுதான்.

கை தானாகக் கத்திக்குப் போனது. பெற்ற பிள்ளையின் நெற்றியைத் தொட்டால் சுடுகிறது என்றால் எந்தத் தாயும் செய்வதைத்தான் அந்தக் கை செய்தது. இனி ஒரு குத்து, ஒரு திருப்பு, பைக்குள் போட வேண்டியது. அவ்வளவுதான், மீதி வரிசை பிழைத்துக்கொள்ளும். அப்போது பாதைப் பக்கமிருந்து இளையவளின் குரல் கேட்டது. யாரோ ஒருவரிடம், "வருஷக்கணக்கா உக்காந்து நான் உருவாக்கினது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூத்தவள் கத்தியை உறையில் செருகினாள். அடுத்த செடியைப் பார்த்தாள், அதற்கடுத்ததைப் பார்த்தாள், நடந்துகொண்டே இருந்தாள். அன்று அவள் எதையும் செய்யவில்லை. சாட்சிக்கு யாரைக் கூப்பிட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

அடுத்த பருவம் அந்தத் தீ நாக்குப் பத்துப் பதினைந்து செடிகளில் ஏறியிருந்தது. அன்றைக்குப் பார்த்துத் தாடிக்கார வியாபாரி வந்தார். அந்த வட்டாரத்தில் அவர் தலையாட்டினால்தான் ஒரு ரகம் ரகமாகும். வரிசையின் ஓரத்தில் நின்று, தாடியைத் தடவிக்கொண்டு, "இது என்னம்மா? கோடு போட்டிருக்கே. நோயா, இல்ல புது ரகமா?" என்றார்.

கேள்வி நியாயமானது. நோயில்லாமல், பிறவியிலேயே கோடு போட்டுக்கொண்டு வருகிற ரகங்களும் உண்டு. புது நாற்றில் எது எப்படி மாறும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அதைப் பெற்று வளர்த்தவளுக்கு மட்டும் தெரியும்.

இளையவளும் கோட்டைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, பயம் வந்துபோனது. கொட்டகையில் நகத்தால் சுரண்டிக் காட்டிய பாடத்தின் கடைசிப் பகுதி நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பையோடு சற்றுத் தள்ளி நின்ற மூத்தவளிடம் திரும்பினாள்.

"அக்கா, இது என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்."

மூத்தவள் நிதானமாக வந்தாள். குனியக்கூட இல்லை.

"உன் பூவாச்சேம்மா. உனக்குத் தெரியாததா?"

வியாபாரி இளையவளைப் பார்த்தார். வாசலில் ஆள் உயரப் படம் நிற்கிறது. அட்டையில் உருவாக்கியவர் என்று போட்டிருக்கிறது. வருஷக்கணக்காக உட்கார்ந்து உருவாக்கியவள், தன் பூவுக்கு வந்திருப்பது காய்ச்சலா சிங்காரமா என்று தெரியாமல் முழிக்க முடியுமா? திருடாதவள் யாராக இருந்தாலும் தெரியவில்லை என்று சொல்லித் தப்பியிருப்பாள்.

"புதுசுதான்" என்றாள் இளையவள். "எதிர்பார்த்துட்டிருந்தேன். இதுக்குத் தீச்சுடர் மகாராணின்னு பேரு வைக்கப்போறோம்."

"அப்ப இதுல எனக்கு எவ்வளவு தர முடியும்?"

"எல்லாமே" என்றாள் அவள்.

அன்று மூத்தவள் மத்தியானச் சாப்பாட்டை இரண்டு முறை போட்டுக்கொண்டாள்.

பிறகு அவள் மும்முரமாகிவிட்டாள். பண்ணையின் மற்ற வரிசைகளையெல்லாம் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றினாள். அசுவினி உட்காராமல் இருக்க இலைகளுக்கு எண்ணெய்க் கலவை தெளிப்பார்கள். வழக்கத்தைவிட அடிக்கடி தெளித்தாள். நல்ல சிவப்புகளையெல்லாம் பாதையிலிருந்து எட்டத்துக்கு மாற்றினாள். வெள்ளைகளின் இலையைக்கூட வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தப் பருவத்தில் அவளைவிடக் கடமை தவறாதவளை அந்த வட்டாரம் கண்டதில்லை.

சரிசரிக்கு ஒருநாள் சந்தேகம் வந்தது. தெளிப்பான் தொட்டியை அவள் முதுகில் ஏற்றிவிட்டபடியே கேட்டார்: "அந்தப் பாதையோரத்துக்கு மட்டும் ஏன் தெளிக்கறதில்ல?"

"அது மகாராணி ராஜ்யம். எனக்கு உத்தரவு வரல."

"உன் பூடி அது."

மூத்தவள் திரும்பி அவரை நேருக்கு நேர் பார்த்தாள். "யார் பேருல இருக்கு?"

அவர் வாயைத் திறந்தார். வழக்கமான இரண்டு சொல் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. தொட்டியின் பட்டையை இறுக்கிவிட்டுப் போய்விட்டார். தம்பியிடமும் அவர் எதுவும் சொல்லவில்லை. இந்த மாதிரி ஆட்களிடம் ஒரு சௌகரியம் உண்டு. அநியாயத்துக்கு எப்படி வாய் திறக்க மாட்டார்களோ, அப்படியே பழிவாங்கலுக்கும் குறுக்கே வர மாட்டார்கள்.

ஆனாலும் பூக்கிற நாட்களில் அவள் அந்தப் பக்கம் போவதைத் தவிர்த்தாள். போனால் பார்க்க வேண்டியிருக்கும். முதல் வருஷம் உள்ளங்கை அளவு இருந்த பூ, அடுத்த வருஷம் முட்டை அளவு. கிழங்கு குட்டி போடுவதை நிறுத்திக்கொண்டது. தோண்டினால் பூண்டுப் பல் மாதிரி ஒன்று வந்தது. ஒருமுறை யாரும் இல்லாதபோது அவள் அப்படி ஒரு கிழங்கை எடுத்துக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள். அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை. உடனே போய் வாசலில் இருந்த படத்துக்கு எதிரில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். சரியாகிவிட்டது.

தாடிக்காரர் மறுபடி வந்தபோது நாற்காலியில் உட்காரவில்லை, டீயும் குடிக்கவில்லை. அவர் வாங்கிப் போய்க் கொடுத்த இடங்களிலெல்லாம் தீச்சுடர் மகாராணி அணைந்துபோய், போகிறபோது பக்கத்துச் சிவப்புகளுக்கும் கோட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். பின்னாலேயே பயிர்ப் பரிசோதகர் வந்தார். இலை ஒன்றைக் கிள்ளிப் பார்த்து, பாதையோரம் முழுக்க அடையாளக் குச்சி நட்டு, ஒரு கிழங்கு விடாமல் தோண்டி எரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எரித்தார்கள். ஈரக் கிழங்கு லேசில் பற்றாது. புகைந்து, நாறி, கண்ணைக் கரித்துக்கொண்டே இருந்தது. கூலிக்காரப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப்போன பிறகு, குவியலுக்கு இந்தப் பக்கம் மூத்தவளும் அந்தப் பக்கம் இளையவளும் மட்டும் நின்றார்கள்.

"உங்களுக்குத் தெரியும்தானேக்கா?" என்றாள் இளையவள்.

"என்ன தெரியும்?"

"முதல் நாளே தெரியும்."

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நீ கேக்கலியே."

"கேட்டேனே! அந்த ஆளை வச்சுக்கிட்டே கேட்டேனே!"

"உன் பூவுக்கு என்னன்னு கேட்ட. அது எனக்கு எப்படித் தெரியும்? 'அக்கா, உங்க பூவுக்கு என்னக்கா'ன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அந்த இடத்துலயே தோண்டியிருப்பேன்."

இளையவள் கண்ணைத் துடைத்தாள். புகையா, வேறா என்று தெரியவில்லை.

"உங்க பூதான்" என்றாள் கடைசியில். "எனக்குத் தெரியாதா? போதுமா? எல்லார்கிட்டயும் சொல்றேன். அட்டையை மாத்தறேன். உங்க பேரையே போட்டுடறேன்."

எத்தனை வருஷமாகக் கேட்க ஏங்கிய வார்த்தை! மூத்தவள் அதை வாயில் போட்டுக் கொஞ்சம் சுவைத்துப் பார்த்தாள். பிறகு கம்பால் குவியலைக் கிளறிவிட்டு, "இப்ப எதுக்கு?" என்றாள். "வேண்டாம்மா. உன்னுதாவே இருக்கட்டும். பேரு உன்னுது, படம் உன்னுது, சாம்பல் மட்டும் எனக்கு எதுக்கு?"

பழி அங்கேயே முடிந்திருந்தால் சாதாரணப் பழிதான். ஆனால் ஊர் என்று ஒன்று இருக்கிறதே, அது இலவசமாகவே வேலை செய்யும். பக்கத்து வயல்காரர் தன் வரிசையில் கோடு விழுந்த செடியைப் பார்த்து, "ஐயோ, ஒரு மகாராணி வந்துட்டா" என்று கத்தினார். அடுத்த வயலில் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த வசந்தத்துக்குள் அந்தப் பக்கம் முழுக்க நோய்க்கு வேறு பெயரே இல்லை. "அந்த மூலையில ரெண்டு மகாராணி நிக்குது, தோண்டு" என்பார்கள். "மகாராணியைத் தொட்ட கையால மத்ததைத் தொடாதே" என்பார்கள். பரிசோதகர்கூட ஒருநாள் வாய்தவறி, "இங்க மகாராணி எதுவும் இல்லியே?" என்று கேட்டார். பரிசு வாங்கிய பூவை யாருக்கும் நினைவில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பெயர் நிலைக்க வேண்டும் என்றுதானே இளையவளும் ஆசைப்பட்டாள்.

மூத்தவள் வயலின் மறுமூலையில் இருந்த அதே ரக மஞ்சளில் அதே ஊதாவின் மகரந்தத்தை மறுபடி தடவிப் பார்த்தாள். முளைத்தவை இன்னும் இலையாகத்தான் நிற்கின்றன. அதே தாய், அதே தகப்பன். ஆனால் அதே பிள்ளை திரும்ப வராது என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பெட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது அவள் யாரோடும் பேச மாட்டாள்.

வாசல் படத்தைக் கொழுந்தன் ஒருநாள் சத்தமில்லாமல் கழற்றிக் கொட்டகையில் சாத்தினார். இளையவள் முகத்தை வைத்து எதையும் விற்க முடியாது என்று ஆகிவிட்டதால், அவளும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வரிசை பார்க்க வந்தாள். மூத்தவளுக்குக் கீழே, பக்கத்து வரிசையில்.

பூக்கும் பருவத்தின் ஒரு காலையில் அவள் ஒரு சிவப்புச் செடியின் முன் நின்றாள்.

"அக்கா, கொஞ்சம் இங்க வாங்க. இது அதுவா?"

"எது?"

"அதான்க்கா."

"பேர் இல்லியா அதுக்கு?"

மற்ற வரிசைகளில் நடந்துகொண்டிருந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். இளையவள் தலையைத் தூக்கவில்லை.

"மகாராணியா?"

மூத்தவள் வந்து குனிந்தாள். இதழின் ஓரத்தில் வெளுப்பாக ஒரு கீற்று. நோய்க் கோடு அடியிலிருந்து ஏறும். இது ஓரத்தில் ஆரம்பித்து ஓரத்திலேயே நின்றிருந்தது. இரண்டு நாள் முன்பு பெய்த பனி தின்ற தழும்பு. செடி கல் மாதிரி இருந்தது. அவள் கண்ணுக்கு இது ஒரு நொடி வேலை. ஆனாலும் அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"ஆமா" என்றாள். "கிழங்கோட தோண்டு. வேர் ஒண்ணும் விட்டுப்போகக் கூடாது, முட்டி போட்டு நல்லாத் தோண்டு."

இளையவள் ஈர மண்ணில் முட்டி போட்டு இரண்டு கையையும் உள்ளே விட்டாள். மூத்தவள் பையின் வாயை அகலமாக விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.